டூட்டி ஃப்ரூட்டி இருப்பு: சரக்கைக் காப்பது சர்க்கரையும் மூடியும்



நோன்புப் பெருநாளும் தீபாவளியும் நெருங்கினால் நம் லப்பைக்குடிக்காட்டு மளிகைக் கடைகளில் டூட்டி ஃப்ரூட்டியும் செர்ரியும் கேட்டு வருவோர் கூடுவர். பண்டிகை முடிந்தபின் டப்பாவில் தங்கிய சரக்கு கசிந்து ஒட்டிக்கொள்ளும், அல்லது கல்லாக இறுகிவிடும். இந்த நட்டத்தைப் பெருமளவு தவிர்க்கலாம். அதற்கு இச்சரக்கு தயாராகும் விதத்தை நாம் அறிந்திருக்க வேண்டும்.

டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய்தான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5 ரகங்களில் பப்பெயினுக்காகக் காயைக் கீறிப் பால் எடுப்பார்கள். தழும்பு விழுந்த அந்தக் காய் பழக்கடையில் விலை போகாது, இத்தொழிலுக்கு உதவும். செர்ரி என்று நாம் விற்பதும் பெரும்பாலும் களாக்காயே.

காயைத் துண்டுகளாக்கி, சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்து, கழுவி அரைவேக்காடாக்கி இளம்பாகில் போடுவார்கள். பாகை நாளுக்கு நாள் கெட்டியாக்குவார்கள். முதல் நாளே கெட்டிப்பாகில் போட்டால் துண்டு சுருங்கும். உள்ளே சர்க்கரை இறங்காது. சர்க்கரை குறைந்த சரக்கே பின்னர் புளித்து நுரைக்கும். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மொத்தச் சர்க்கரை 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

அத்தனை சர்க்கரை இருந்தும் சரக்கு கெடுவது ஏன்? சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் டப்பா திறந்து கிடந்தால் மேற்பரப்பு நீர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கோடையில் திறந்து கிடந்தால் ஈரம் வற்றிச் சர்க்கரை பூத்து இறுகும்.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

• பெரிய டின்னைத் திறந்ததும், வாரத் தேவைக்கு மட்டும் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, மீதியைக் காற்றுப் புகாமல் மூட வேண்டும்.
• ஈரக் கரண்டி கூடவே கூடாது.
• வெயில் படும் இடத்தில் வைத்தால் நிறம் மங்கும்.
• பழைய சரக்கின் மேல் புதியதைக் கொட்டக் கூடாது.

நிறத்திலும் எச்சரிக்கை தேவை. ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை விதித்ததை மறக்கலாகாது. அந்தச் சாயத்துக்கு எந்த உணவிலும் அனுமதியில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் விற்றவரே பொறுப்பாளி. எனவே சில கிலோ வாங்கினாலும் பில்லும் லேபிளும் கேட்டு வாங்குவோம். காலாவதித் தேதியைப் பார்த்தே அடுக்குவோம்.