சீனத்துச் சிற்றுண்டியும் செந்தமிழும்

உணவில் ஆசாரம் பார்ப்போர் உண்டு. சொல்லில் ஆசாரம் பார்ப்போரும் உண்டு. நான் இரண்டாம் வகையினன். முப்பது ஆண்டுகளாக மாணாக்கரின் கட்டுரை ஏடுகளில் பிறமொழிச் சொல்லையோ பேச்சுச் சொல்லையோ கண்ட இடமெல்லாம் சிவப்பு மையால் வெட்டி வந்தவன். அந்த மை செய்த வேலை இன்னதென்று எனக்கு உணர்த்தியது ஒரு சீன உணவகத்தின் மேசை என்றால் வாசகர் நகைக்கக்கூடும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நகைப்பதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

சென்ற விடுமுறையில் சிங்கப்பூர் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே பணிபுரியும் என் பழைய மாணவி ஒருத்தி, “ஒருக்காலாவது வந்து போங்க, ஐயா” என்று பல ஆண்டுகளாக அழைத்து வந்தாள். தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாக விளங்கும் நாட்டைக் காணும் ஆவல் எனக்கும் இருந்தது. போய்ச் சேர்ந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றாள். நாராயண பிள்ளை என்னும் தமிழரின் முயற்சியால் 1827ஆம் ஆண்டில் எழுந்த கோயில் அது. கோயில் நிற்பதோ சீனர் பேட்டையின் நடுவில்! அதன் மருங்கே செல்லும் தெருவுக்குப் ‘பகோடாத் தெரு’ என்று பெயர். நம் கோபுரத்தைப் பார்த்து இட்ட பெயராம். சீனர் தெருவுக்குத் தமிழர் கோபுரத்தால் பெயர் அமைந்த விந்தையை வியந்தபடி நடந்தேன்.

வெள்ளிக்கிழமையில் நான் மரக்கறி உணவே கொள்வேன் என்பதை அவள் மறக்கவில்லை. பௌத்த நெறியைப் பேணிப் புலால் மறுத்த சீனர் நடத்தும் உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே ‘டிம்சம்’ கிடைக்கும் என்றாள்.

டிம்சம் என்பது ஒரு பண்டத்தின் பெயரன்று. சிற்றுண்டி வகைகள் பலவற்றுக்கு வழங்கும் பொதுப்பெயர். தென்சீனத்துக் கன்டன் நகரத் தேநீர்க் கடைகளில் வளர்ந்து, ஹொங்கொங் வழியே உலகெங்கும் பரவியது. காலை தொடங்கி நண்பகல் சாயும்வரை அதனை உண்பது மரபு. அப்பெயரை எழுதும் எழுத்துகள் இரண்டு. முதல் எழுத்து ‘தொடுதல்’ எனவும் மற்றையது ‘நெஞ்சம்’ எனவும் பொருள்படும். வயிற்றை நிரப்ப வந்த உணவன்று. நெஞ்சைத் தொட்டுச் செல்ல வந்தது என்று விளக்கம் கூறுவர். பெயரிட்டவன் புலவனாக இருத்தல் வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

மூங்கிலாற் செய்த வட்டப் பெட்டிகள் ஒன்றன்மேலொன்றாக வந்தன. மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவி என்னை மட்டக்களப்பின் அடுக்களைக்கே கொண்டுசென்றது. பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டியில் பிட்டு அவிப்பதும், தட்டுகளை அடுக்கி இடியப்பம் அவிப்பதும் வேறென்ன? எண்ணெயை நம்பாது ஆவியை நம்பிய கைகள் அங்கும் இருந்திருக்கின்றன! ஒரு பெட்டியில், உள்ளீடு வெளியே தெரியும் மெல்லிய மாவுறைக்குள் காளானும் கரட்டும் வைத்து, விளிம்பை மடிப்பு மடிப்பாகக் கிள்ளி மூடிய உருண்டைகள் இருந்தன. குழந்தைக்குப் பல் முளைத்ததும் நம் பெண்கள் அவிக்கும் பல்லுக்கொழுக்கட்டைக்கு அவை உடன்பிறப்பெனத் தோன்றின. மற்றொன்றில் தாமரை இலையில் பொதிந்து அவித்த பசையரிசிச் சோறு. எங்கள் ஊர்க் கோயிலில் தாமரை இலையில் அன்னம் உண்ட நாள்கள் நினைவில் எழுந்தன.

உண்ணும் குச்சிகளோ எனக்கு அடங்கவில்லை. கொழுக்கட்டை இருமுறை மேசையில் உருண்டது. பரிமாறிய சீன மூதாட்டி ஒரு சொல்லும் சொல்லாது கரண்டி ஒன்றைக் கொணர்ந்து என்னருகே வைத்துச் சென்றார். அவ்வம்மையார் தேநீர் ஊற்றியபோது என் மாணவி இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டினாள். அது நன்றி கூறும் முறையாம். மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சீனப் பேரரசர் ஒருவர் தம் ஏவலருக்குத் தேநீர் ஊற்றினார் எனவும், வணங்கினால் வேடம் கலையுமே என்று அவர்கள் விரலை மடக்கி மேசையில் வணங்கினர் எனவும் ஒரு கதை வழங்குகின்றது.

“இப்படிச் சாப்பிடுறதை இவங்க ‘யம் சா’ எண்டுதான் சொல்லுவாங்க, ஐயா. தேத்தண்ணி குடிக்கிறது எண்டு கருத்து” என்றாள் அவள்.

ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விரிவுரையைத் தொடங்கிவிட்டேன். “கேள், பிள்ளை. சீனத்தின் பெரும்பகுதியார் அவ்விலையைச் ‘சா’ என்பர். அது பாரசீகத்தில் ‘சாய்’ ஆயிற்று. இந்தியிலும் அதுவே, மலையாளத்தார் ‘சாயா’ என்பர். ஃபூஜியான் கடற்கரையாரோ ‘தே’ என்பர். அந்தத் ‘தே’யைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர் ஒல்லாந்தர். நம் மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்களே, அதே ஒல்லாந்தர்தாம். தேயிலை என்னும் சொல்லின் முன்னே நிற்பது அந்தத் ‘தே’ என்க.”

அவள் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தபடி கேட்டாள்: “அப்ப தேத்தண்ணியும் தேநீரும் ஒரே சீனச் சொல்தானே, ஐயா?”

நான் விடை கூறுமுன்னரே என் சிவப்பு மை எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

அவள் என் வகுப்பில் இருந்த காலம். மண்முனைத்துறையில் அன்று பாலம் இல்லை. 2014ஆம் ஆண்டிலேதான் அது திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே வாவியைக் கடக்க, ‘பாதை’ என்று நம்மவர் கூறும் மிதவையே துணை. அத்துறையில் அவள் தாயார் அப்பமும் தேத்தண்ணியும் விற்று வந்தார். ‘என் அன்னை’ என்னும் தலைப்புக்கு அவள் எழுதிய கட்டுரை இவ்வாறு தொடங்கிற்று: “பாதைக்கு நிற்கிற சனத்துக்கு அம்மா சீனி போட்டுத் தேத்தண்ணி விற்பா.” அதனை நான் எவ்வாறு திருத்தினேன்? “மிதவைக்குக் காத்திருக்கும் மக்களுக்கு அன்னை சர்க்கரை இட்டுத் தேநீர் வழங்குவார்.” கட்டுரை முழுவதையும் அவ்வாறே மாற்றினேன். பரிசளிப்பு விழாவில் அவள் அதனை வாசித்தாள், முதற்பரிசும் பெற்றாள். நான் பெருமிதம் கொண்டேன்.

“அண்டைக்கு அம்மாவும் வந்திருந்தா, ஐயா. பின்வாங்கில இருந்து கேட்டா. வீட்ட வந்து, ‘நல்லா வாசிச்சாய், மகள். அது ஆரைப் பத்தின கதை?’ எண்டு கேட்டா.”

குற்றம் சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு உறக்கம் கொள்ளாது எண்ணிப் பார்த்தேன். ‘சீனி’யை வெட்டினேன். அச்சொல்லில் சீன நாட்டின் பெயரே நிற்கின்றது என்பது மெய். ஆயினும் அதன் இடத்தில் நான் இட்ட ‘சர்க்கரை’ எங்கிருந்து வந்தது? வடமொழிச் ‘சர்க்கரா’விலிருந்து வந்தது. ‘தேத்தண்ணி’யை நீக்கித் ‘தேநீர்’ வைத்தேன்; சீனத்துத் ‘தே’ அசையாது அங்கேயே இருந்தது. வெளியேற்றப்பட்டது தண்ணீர் ஒன்றே! அயற்சொல்லை விலக்கினேன் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் நான் விலக்கியது ஓர் ஏழைத் தாயின் பேச்சை. ‘விற்பா’ என்பதை ‘வழங்குவார்’ ஆக்கியபோது அவருடைய உழைப்பையும் விலக்கிவிட்டேன்.

காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகள் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய பெரியார். அவர் வழியிலே நடப்பதாகவே நான் என்னைக் கருதி வந்தேன். ஆனால் கலைச்சொல்லாக்கம் என்பது, அறிவியற் பொருள்களுக்குத் தமிழில் இல்லாத சொற்களை ஆக்கி அளிக்கும் பணி. நானோ இருந்த சொற்களை அழித்தேன். அளித்தலுக்கும் அழித்தலுக்கும் ஓரெழுத்தே வேறுபாடு. அந்த ஓரெழுத்தில் முப்பது ஆண்டுகள் தவறியிருக்கிறேன்.

சீனமும் தமிழும் இன்று நேற்று அறிமுகமானவை அல்ல. ‘தே’ பிறந்த அதே ஃபூஜியான் கடற்கரையிலே, சுவான்சௌ துறைமுகத்தில், தமிழ் வணிகர் சிவன் கோயில் எடுத்தனர். 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது; இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் அந்த ஒரே கல்லில் நிற்கின்றன. கல்லில் ஒன்றாக நின்ற மொழிகள் ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஒன்றாக நிற்பதால் தமிழுக்கு இழுக்கு வந்துவிடுமா?

இலக்கண வரம்பு வேண்டாம் என்று நான் கூறவில்லை. பிழை பிழைதான், அதனைத் திருத்துவது ஆசிரியன் கடமை. ஆனால் ஒரு பிள்ளை தன் வீட்டுச் சொல்லை ஏட்டில் எழுதினால், வெட்டுமுன் அதன்கீழ்க் கோடிட்டு, “இஃது எங்கிருந்து வந்தது? உன் வீட்டில் யார் இதனைச் சொல்வார்?” என்று கேட்போம். ஆசிரிய நண்பர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. இப்பொழுது என் வகுப்பில் அவ்வாறே செய்கிறேன்.

ஊர் திரும்பியதும், மகள் கொடுத்தனுப்பிய சீனத் தேயிலைப் பேணியோடு மண்முனைப் பாலத்தைக் கடந்து சென்றேன். அந்த அம்மையார் வீட்டு வாசலில் இருந்தார். “வாங்க ஐயா, இரிங்க. தேத்தண்ணி ஊத்துறன்” என்று எழுந்தார். அவர் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மகள் பிள்ளைப்பருவத்தில் எழுதிய அந்த முதல் வரியை, எழுதியபடியே, திருத்தமின்றிச் சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “அது நான்தானே, ஐயா” என்றார்.

பின்னர், சீனி காணுமா என்று கேட்டார். காணும் என்றேன்.