மூன்று மாத்திரைக்கும் இறங்காத ரத்த அழுத்தம்

ரயில்வேயில் 35 வருடங்கள் சரக்கு வண்டிகளோடு பழகியவன் நான். பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் நிற்கவில்லை என்றால், எங்கே கசிகிறது என்று வண்டி நெடுகத் தேடுவோம். எடுத்த எடுப்பில் கம்பிரஸரைக் குறை சொல்ல மாட்டோம். இந்தப் பாடத்தை என் உடம்பு விஷயத்தில் மறந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் என் ரத்த அழுத்தம் 170/100. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் இறங்கவில்லை. என் தகப்பனார் பக்கவாதத்தில் மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவர். அந்தப் பயத்தில், "மருந்தே சரியில்லை" என்று வீட்டில் சத்தம் போட்டேன்.

டாக்டர் நான்காவது மாத்திரை எழுதவில்லை. வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். பையைக் கவிழ்த்ததும் முதலில் விழுந்தது டைக்ளோஃபினாக். முழங்கால் வலிக்காக நானே கடையில் வாங்கித் தினமும் விழுங்கியது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பி.பி. மருந்தின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது.

அடுத்து, பாதி தீராத நீர் மாத்திரை அட்டை. ஊருக்குப் போகும் ரயிலில் அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று பிரயாண நாளில் விட்டேன். பிறகு கல்யாணம், சங்கக் கூட்டம் என்று விட்ட நாட்கள் பெருகின.

மூன்றாவதை என் மனைவி போட்டு உடைத்தாள். ஊரிலிருந்து வரும் மாவடு, நார்த்தங்காய், மோர் மிளகாய், அப்பளம் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளியூரில் இருக்கும் நமக்கு ஊர் ருசியே அதுதான், என்ன செய்ய!

நீர் மாத்திரை உட்பட மூன்று மருந்துகளைத் தவறாமல் முழு அளவில் சாப்பிட்டும் 140/90க்குக் கீழே வராவிட்டால்தான் அது மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் என்று டாக்டர் விளக்கினார். அப்போது குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா, சிறுநீரக ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறதா, அட்ரினல் சுரப்பியில் கோளாறா என்று பார்ப்பார்களாம். நான்காவது மருந்தாகப் பெரும்பாலும் ஸ்பைரனோலாக்டோன் தருவார்களாம். அதற்குப் பொட்டாசியம் பரிசோதனை அவசியம்.

அளப்பதிலும் முறை உண்டு. காபி குடித்து அரை மணி கழித்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் 136/84க்கு வந்தேன். மாத்திரைகள் அதே மூன்றுதான். மாவடு மாதத்துக்கு ஒரு நாள்.

அன்பர்களே, நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், சேர்க்கவும் வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பையோடு போங்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.