ஊசி, நூல், ஒன்றரை மணி நேரம்!

ரியாலிட்டி ஷோ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஜட்ஜ் முகத்துக்கு ஒரு க்ளோஸப், இடி மாதிரி மியூசிக், மேடையிலேயே ஒரு அழுகாச்சி. போதாக்குறைக்கு ‘எங்களுக்கு ஓட்டுப் போடுங்க’ கெஞ்சல்! இது எதுவுமே இல்லாத போட்டி ஒண்ணு இருக்கு பாஸ். ஏழெட்டுப் பேரில் இருந்து பன்னிரண்டு பேர் வரை, ஆளுக்கு ஒரு தையல் மெஷின், சுவர் ஓரமா நூல்கண்டும் பட்டனும். அவ்வளவுதான் செட்.

பெயர், ‘தி கிரேட் பிரிட்டிஷ் சூயிங் பீ’. கடைசி எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அக்கம்பக்கத்துக்காரங்க கூடி உட்கார்ந்து தைப்பதற்கு இங்கிலீஷில் அப்படித்தான் பெயர். பி.பி.சி. டூ சேனலில் 2013 ஏப்ரல் 2-ம் தேதி ஆரம்பிச்சாங்க. தையலைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இடமில்லை. டீச்சர், டாக்டர், ரிட்டயர் ஆன பாட்டி என்று வீட்டில் ஆசைக்குத் தைக்கிறவங்கதான் போட்டியாளர்கள். ஜெயிச்சா கோடி ரூபாயா? ஒரு கோப்பை, கொஞ்சம் பூ. பணம் நயா பைசா கிடையாது!

வாரா வாரம் மூணு ரவுண்டு. முதல் ரவுண்டில் எல்லாருக்கும் ஒரே பேட்டர்ன் தாளைக் கொடுத்து, அதைப் பார்த்து வெட்டித் தைக்கச் சொல்வாங்க. ரெண்டாவதுதான் செம காமெடி. பழைய திரைச்சீலையோ நாலைந்து ஆம்பளைச் சட்டையோ கையில் திணிச்சு, ‘ஒன்றரை மணி நேரத்தில் இதை வேற டிரஸ்ஸா மாத்துங்க’ம்பாங்க. மூணாவது ரவுண்டில் உசுரோட ஒரு மாடல் வந்து நிற்பார், அவர் அளவுக்குக் கச்சிதமா தைக்கணும். பொம்மைக்குத் தைத்தது மனுஷர் உடம்பில் ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். கடைசியில் ‘இந்த வாரத்தின் சிறந்த ஆடை’ ஒருத்தருக்கு. வீட்டுக்கு டிக்கெட் இன்னொருத்தருக்கு.

முதல் ரெண்டு வாரம் நீங்க கலரையும் டிசைனையும்தான் பார்ப்பீங்க. ‘சூப்பரா இருக்கே, ஏன் திட்டுறாங்க?’ன்னு ஜட்ஜ் மேல கோபம்கூட வரும். மூணாவது வாரத்துக்கு மேல கண்ணு மாறிடும். உதாரணத்துக்கு, சட்டையோட கை. தோள்ப்பட்டையில் கையை வைத்துத் தைக்கிற துளை இருக்கில்லையா, கையோட மேல் வளைவு பெரும்பாலும் அந்தத் துளையைவிடக் கொஞ்சம் நீளமாத்தான் வெட்டப்பட்டிருக்கும். உங்க தோள் உருண்டையா இருக்கே, அதுக்கு இடம் வேணுமே! அந்த அதிக நீளத்தை ஒரு சுருக்கம்கூடத் தெரியாம, குண்டூசி குத்திக் குத்தி, விரலால் தள்ளித் தள்ளி உள்ளே அடக்கணும். ‘இன்னும் பத்து நிமிஷம்’னு குரல் வர்ற நேரத்தில், இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டால்? பிரிக்கணும். தைக்க ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா, பிரிக்க அதைவிட ஜாஸ்தி. இழுத்தா துணி கிழியும். க்ரைம் த்ரில்லர் எல்லாம் ஜுஜுபி!

நீங்க இப்போ கட்டம் போட்ட சட்டை போட்டிருக்கீங்களா? குனிஞ்சு பாக்கெட்டைப் பாருங்க. பாக்கெட் கட்டமும் சட்டைக் கட்டமும் கோடு பிசகாம சேருதா? சேர்ந்தா, யாரோ துணியை அதிகம் செலவழிச்சு, நேரம் எடுத்து, ஒழுங்கா வெட்டியிருக்காங்க. சேரலையா? அவசரம், இல்லேன்னா சிக்கனம்.

ஜட்ஜ்கள் பத்திச் சொல்லணும். பேட்ரிக் கிரான்ட், லண்டனில் தையல்காரர்களுக்கே பேர்போன சவைல் ரோ தெருவில் நார்ட்டன் அண்ட் சன்ஸ் என்ற பழைய கடையை 2005-ல் வாங்கியவர். கூட, 2016-லிருந்து எஸ்மி யங். ‘பிரிட்ஜெட் ஜோன்ஸ்’ முதல் படத்தில் ஹீரோயின் போட்டு வரும் முயல் டிரஸ் இவர் கைவண்ணம். ரெண்டு பேரும் கத்தமாட்டாங்க. துணியை உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்ப்பாங்க பாருங்க, வைவா எக்ஸாமினர் கெட்டார்!

முதல் சீசனில் ஜெயிச்ச ஆன் ரவுலி எண்பதைத் தாண்டியவர். 2021-ல் ஜெயிச்ச செரீனா பேக்கர், மெடிக்கல் காலேஜ் மாணவி. ஆமாம், உங்க செட்! 2023-ல் ஜெயிச்ச அஸ்மா அல்-அல்லாக், வேல்ஸைச் சேர்ந்த மார்பக அறுவை சிகிச்சை நிபுணர். ஊசி பிடிச்ச கை எங்கே போனாலும் ஊசிதான்!

இனி கொஞ்சம் சீரியஸ். ஆன் ரவுலி ஜெயிச்ச ஃபைனல் ஒளிபரப்பானது 2013 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. ஒரு டிரஸ்ஸை மணிக்கணக்கில் உட்கார்ந்து தைக்கிறதை பிரிட்டனே ரசிச்சுப் பார்த்த ராத்திரி அது. மறுநாள் காலை, வங்காளதேசத்தில் டாக்கா பக்கத்தில் சாவர் என்ற ஊரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிஞ்சு விழுந்தது. உள்ளே ரெடிமேட் ஆடைத் தொழிற்சாலைகள். இறந்தவர்கள் 1,134 பேர். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது, அப்படியும் தொழிலாளர்களை வேலைக்கு உள்ளே அனுப்பினாங்க. பிரிட்டன் கடைத்தெருவில் விற்கிற பிராண்டுகளுக்கும் அங்கே துணி தைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ரெண்டு தேதியும் அடுத்தடுத்து வந்தது தற்செயல்தான். நிகழ்ச்சியை யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா, ஒரு கையைத் தோளில் ஏற்ற ஒருத்தர் படுற பாட்டை வாரக்கணக்கில் பார்த்தபிறகு, தள்ளுபடிக் கடையில் சல்லிசா கிடைக்கிற டாப்ஸைக் கையில் எடுக்கும்போது சும்மா இருக்க முடியலை. அந்தக் கையும் ஒருத்தர் தைச்சதுதானே? மெஷின் தானா தைக்காது, துணியைத் தள்ளிக்கொடுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்கு எத்தனை நிமிஷம் கொடுத்தாங்க, எவ்வளவு கொடுத்தாங்க?

பேட்ரிக் கிரான்ட்டுக்கும் இந்தக் கேள்வி இருந்திருக்கும்போல. 2016-ல் ‘கம்யூனிட்டி க்ளோத்திங்’ என்று ஒரு பிராண்ட் ஆரம்பிச்சார். பிரிட்டன் தொழிற்சாலைகள் ஆர்டர் இல்லாம காத்தாடுகிற மாசங்களில் அங்கேயே துணி தைக்கிற திட்டம். ‘குறைவா வாங்குங்க, நல்லதா வாங்குங்க’ என்பது அவர் கட்சி. மாசக் கடைசியில் பர்ஸ் காலியா இருக்கிற ஹாஸ்டல்வாசிக்கு முதல் பாதி ரொம்ப ஈஸி!

பார்க்கிறதுன்னு முடிவு பண்ணினா, ஒரே ராத்திரியில் மொத்த சீசனையும் முடிச்சிடாதீங்க. வாரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கங்க. நடுவில் இருக்கிற நாட்களில் ஒரு பட்டனாவது தைங்க, அப்போதான் திரையில் நடக்கிறது புரியும். 2015, 2016, 2019 சீசன்களில் ஜெயிச்சவங்க பேரை இங்கே வேணும்னேதான் சொல்லலை. அதில் ஒண்ணிலிருந்து ஆரம்பிங்க. கூகுள் பக்கம் மட்டும் போயிடாதீங்க, ப்ளீஸ்!