வெளுக்க வெளுக்கக் கறுக்கும் துணி

கைக்குழந்தை நனைத்த துணியைச் சோப்புப் போட்டுக் கசக்கினால் கறை போகவேண்டும். லட்சக்கணக்கான வீடுகளில் ஏதோ ஒன்றில் மட்டும் இது தலைகீழாக நடக்கும். நனைந்தபோது வெறும் ஈரமாக இருந்த இடம் சோப்புத் தண்ணீர் பட்டதும் பழுப்பாகும். கல்லில் போட்டுக் கசக்கக் கசக்கக் கறுக்கும். சோப்பில் காரம் இருக்கிறது. அந்தக் குழந்தையின் சிறுநீரில் ஓர் அமிலம் இருக்கிறது. காரமும் காற்றும் சேர்ந்தால் அந்த அமிலம் கருநிறமாகிவிடும். தாய் சோப்பை மாற்றிப் பார்ப்பாள். "பிள்ளைக்குச் சூடு" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். குழந்தையோ நன்றாகப் பால் குடிக்கும், தவழும், நடக்கும், பள்ளிக்கூடம் போகும். அடுத்த முப்பது வருஷத்துக்கு ஒரு குறையும் தெரியாது.

அல்காப்டோனூரியா என்பது இந்த நோயின் பெயர். பிறவியிலேயே வந்துவிட்டாலும் நடுவயது வரை பதுங்கியிருக்கும். குழந்தை மருத்துவரிடம் போக அவசியம் வராது. எலும்பு மருத்துவரிடம் போகும்போது துணியில் பார்த்த கறை யாருக்கும் நினைவிருக்காது. இந்த இடைவெளியில்தான் இந்த நோயின் முழுத் துயரமும் இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். பருப்பு, பால், முட்டை, மீன் என்று நாம் சாப்பிடும் புரதத்தில் டைரோசின் என்றொரு அமினோ அமிலம் உண்டு. தேவைக்குப் போக மிஞ்சுவதைக் கல்லீரல் படிப்படியாக உடைத்து எரிபொருளாக்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு மிஷின் முடித்துத் தள்ளுவதை அடுத்த மிஷின் வாங்கிக்கொள்ளும். நடுவில் ஒன்று நின்றுபோனால் அதற்கு முன்னால் சரக்கு குவியும். டைரோசின் லைனில் மூன்றாவது மிஷின் ஹெச்.ஜி.டி. என்கிற நொதி. அல்காப்டோனூரியாவில் அது பிறவியிலேயே ஓடாது. அதற்கு முன்னால் குவிகிற சரக்கு ஹோமோஜென்டிசிக் அமிலம். நல்ல உடம்பில் இது சிறுநீரில் இல்லை என்றே சொல்லலாம். இந்த நோயாளிகளின் சிறுநீரில் தினமும் கிராம் கணக்கில் போகிறது.

குவிகிற சரக்கைச் சிறுநீரகம் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. இளவயதில் நோய் தெரியாமல் இருப்பதற்கு அதன் உழைப்பே பெரிய காரணம். ஆனாலும் கொஞ்சம் ரத்தத்தில் தங்கும். தங்கியது மெல்ல ஆக்ஸிஜனேற்றமடைந்து, கறுத்து, குருத்தெலும்பிலும் தசைநாரிலும் ஒட்டிக்கொள்ளும். 1866இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ இப்படிக் கறுத்த குருத்தெலும்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வெறுங்கண்ணுக்குக் கரி, லென்ஸுக்கு அடியில் காவி மண் நிறம். காவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து ஓக்ரோனோசிஸ் என்று பெயரிட்டார்.

மரபணுவழி நோய் என்ற கருத்து அறிவியலில் கால் ஊன்றியதில் இந்த நோய்க்குப் பெரிய பங்கு உண்டு. லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரோட், கறுப்புச் சிறுநீர்க் குழந்தைகளின் பெற்றோர் பலரும் சொந்தத்தில் மணமுடித்தவர்கள் என்பதைக் கவனித்தார். மெண்டலின் பட்டாணிச் செடி விதிகள் அப்போதுதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருந்த நேரம். 1902இல் லான்செட் இதழில் அவர் எழுதிய கட்டுரை, மனிதனின் ஒரு நோய் மெண்டலின் விதிப்படி இறங்குவதை முதலில் காட்டியது. தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணுப் பிரதி ஒன்று, நல்ல பிரதி ஒன்று இருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு பழுதும் ஒரே பிள்ளைக்குப் போனால் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு.

உலகில் இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்பது பொதுவான கணக்கு. ஸ்லோவாகியாவிலோ 19,000 பேருக்கு ஒருவர். மலைக் கிராமங்களில் ஒதுங்கி வாழ்ந்து, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததன் விளைவு அது. அதற்கு இணையான ஒரு கதை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2014இல் மனித மரபியல் இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டின் ஒரு பகுதியில் குடியேறிய நரிக்குறவர்கள் 41 பேரைப் பார்த்ததில் 16 பேருக்கு அல்காப்டோனூரியா இருப்பதாகக் கண்டது. அவர்களில் 11 பேரிடம் ஒரே பழுது, இரண்டு பிரதியிலும். மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் முனையில் ஓர் எழுத்து மாறியிருந்தது: ஜி இருக்கவேண்டிய இடத்தில் ஏ. அதற்கு முன் உலகில் எங்கும் பதிவாகாத மாற்றம். எத்தனையோ தலைமுறைக்கு முன் ஒரே மூதாதையிடம் தோன்றி, சிறிய சமூகத்துக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு சமூகம் முழுவதற்கும் முத்திரை குத்துவது அநியாயம். சந்தேகத்தின்பேரில் தேடிப்போய்ச் செய்த சிறிய ஆய்வு அது. அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் நரிக்குறவர்களுக்கு மட்டும் உரியதா என்ன? வட இந்தியச் சாயல் கொண்ட வாக்ரிபோலி மொழியைப் பேசிக்கொண்டு, ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு வாழ்ந்தவர்களை, ஊர் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. சிறிய வட்டத்துக்குள் பெண் தேட வேண்டியிருந்ததில் ஊருக்கும் பங்கு உண்டு. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இது போன்ற திருவிழா வாசல்களில் தரையில் சாக்கு விரித்து மணி கோக்கும் நரிக்குறவப் பெண்களையும் பார்த்திருப்பார்கள். முதுகை வளைத்து, கழுத்தைத் தாழ்த்தி, ஊசியில் பாசி ஏற்றியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த உட்காரலும், ஊர் ஊராக நடக்கும் நடையும் முதுகெலும்பையும் முழங்காலையும்தான் நம்பியிருக்கின்றன. அல்காப்டோனூரியா குறிவைப்பதும் அவற்றைத்தான்.

முப்பதை ஒட்டி முதல் அடையாளங்கள் வரும். கண்ணின் வெள்ளையில், கருவிழிக்கும் கண்ணோரத்துக்கும் நடுவே ஒரு பழுப்புப் புள்ளி. காது மடல் நீலச் சாம்பலாகித் தடிக்கும். காதுக் குறும்பி கறுப்பாக வரும். வியர்வை சட்டை அக்குளில் கறையாகப் படியும். இவை எதுவும் வலிப்பதில்லை. அதனால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. பிறகு இடுப்புக்கு மேல் வலி தொடங்கும். முதுகெலும்பின் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு ஏறி இறுகி, மெலிந்து, ஆளே சில சென்டிமீட்டர் குள்ளமாவார். காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. நாற்பதுகளில் முழங்கால், இடுப்பு மூட்டு, தோள். குதிகால் தசைநார் சின்ன உதறலிலேயே அறுந்துபோவதும் உண்டு. மூட்டு மாற்று அறுவைக்காக முழங்காலைத் திறக்கிற மருத்துவர், பளபளவென்று வெள்ளையாக இருக்கவேண்டிய குருத்தெலும்பு கரித்துண்டு போலக் கிடப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு, அப்போதுதான் நோயைக் கண்டுபிடித்த கதைகள் மருத்துவ இதழ்களில் ஏராளம். விரல்களின் சிறு மூட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 58 நோயாளிகளைப் பரிசோதித்து 2002இல் ஒரு வயதுக் கணக்கு கொடுத்தது. இதய வால்வு பாதிப்பு சராசரியாக 54 வயதில். மூட்டு மாற்று 55இல். இதயத் தமனியில் சுண்ணாம்பு 59இல். சிறுநீரகக் கல் 64இல். ஆயுளைப் பெரிதாகக் குறைக்காத நோய் என்று இதைச் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் முப்பத்தைந்தில் தொடங்கி எழுபதுக்கு மேலும் வலியோடு வாழ வேண்டியிருப்பதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

முப்பது வருஷம் ஏன் காத்திருக்கிறது? இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று, இளமையான குருத்தெலும்பில் கொலாஜன் நார்கள் நன்றாகப் போர்த்தப்பட்டிருக்கின்றன. வயதும் சுமையும் போர்வையைத் தேய்த்த பிறகே கறை ஒட்ட இடம் கிடைக்கிறது என்று லிவர்பூல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒட்டிய கறை திசுவை விறைக்க வைக்கும். விறைத்தது இன்னும் சீக்கிரம் உடையும். உடைந்த இடத்தில் இன்னும் கறை ஒட்டும். இரண்டாவது விடை, சிறுநீரகம். வயதாக ஆக அது அள்ளிக் கொட்டும் வேகம் குறைகிறது, ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. சிறுநீரகம் பழுதான அல்காப்டோனூரியா நோயாளிகளுக்கு மூட்டுகள் மளமளவென்று கெடுவதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சுமை, சிறுநீரகம் என்ற இந்த இரண்டையும் வைத்துக் கும்மிடிப்பூண்டியைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரும்பு உருக்கும் ஆலைகள், ரோலிங் மில்கள், குடோன்கள் நிறைந்த ஊர். காலை லோக்கல் ரயிலில் வந்து இறங்குகிறவர்களில் முப்பது வயதிலேயே இடுப்புக்கு பெல்ட் கட்டியவர்கள் இருக்கிறார்கள். "என்ன வேலை?" "லோடிங், சார்." "அதான்." இதோடு விசாரணை முடிந்துவிடும். பெரும்பாலும் அது சரியான விடையும்கூட. முதுகு வலிக்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட அல்காப்டோனூரியா இருக்கப்போவதில்லை. ஆனால் அந்த அபூர்வமான ஒருவருக்கும் இதே விடைதான் கிடைக்கும். சம்பளம் போய்விடுமே என்று லீவு போடாமல், மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஃபர்னஸ் முன்னால் நிற்பார். தண்ணீர் குடிக்காமல் வேர்த்து ஒழுகுவது சிறுநீரகத்துக்குக் கெடுதல். வருஷக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையும் சிறுநீரகத்தையே தின்னும். முப்பது வருஷமாக அவரைக் காப்பாற்றி வந்த உறுப்பே அதுதான்.

கண்டுபிடிப்பது கடினமே இல்லை. சாதாரண முதுகு எக்ஸ்ரேயில் ஒன்றிரண்டு தட்டுகள் தேயும். இதில் வரிசையாகப் பல தட்டுகள் வெள்ளை வில்லைகளாகத் தெரியும். முதுகு விறைக்கும் இன்னொரு நோயான ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலிடிஸ் இடுப்புக்குக் கீழுள்ள சேக்ரோஇலியாக் மூட்டில் தொடங்கும். இதில் அது பெரும்பாலும் தப்பியிருக்கும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி போதும்: "சிறுநீர் கொஞ்ச நேரம் நின்றால் கறுக்குதா?" பதில் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறவர்களுக்கும், வெட்டவெளிக்குப் போகிறவர்களுக்கும் அது கறுப்பதைப் பார்க்க வழியில்லை. கண்ணாடி பாட்டிலில் பிடித்து, மூடாமல் ராத்திரி முழுக்க வைத்தால் போதும். காற்றுப் படும் மேல்விளிம்பில் முதலில் கறுத்து, விடியும்போது பெரும்பாலும் கறுப்பு கீழே இறங்கியிருக்கும். சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை அளந்து உறுதி செய்யலாம்.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பது நியாயம். நூறு வருஷத்துக்கு மேல் பதில் இல்லாமல்தான் இருந்தது. பதில் வந்தது பாட்டில் பிரஷ் செடி வழியாக. பூங்காக்களில் சிவப்புத் தூரிகையாய்த் தொங்குமே, அதே செடி. அதனடியில் களை அதிகம் முளைப்பதில்லை என்பதைக் கவனித்த ஒரு ரசாயன நிறுவனத்தின் ஆய்வு, களைக்கொல்லி தேடிப் போய் நிடிசினோன் என்ற மருந்தில் முடிந்தது. இது மூன்றாவது மிஷினைச் சரிசெய்வதில்லை. இரண்டாவது மிஷினையே நிறுத்திவிடுகிறது. கறுக்கும் அமிலம் அநேகமாக உண்டாவதே இல்லை. லிவர்பூலில் பேராசிரியர் லட்சுமிநாராயண் ரங்கநாத் தலைமையில் இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்லோவாகியா நாடுகளில் 138 நோயாளிகளை நான்கு வருஷம் பின்தொடர்ந்த சோதனை 2020இல் வெளியானது. தினம் 10 மில்லிகிராம் எடுத்தவர்களின் சிறுநீரில் அந்த அமிலம் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நோய் முற்றும் வேகமும் தணிந்தது. அதே வருஷம் ஐரோப்பா இந்த நோய்க்கு மருந்தை அனுமதித்தது. ஒரு சிக்கல் உண்டு. சரக்கு இப்போது டைரோசினாகக் குவிகிறது. அது கருவிழியைப் புண்ணாக்கலாம். புரதத்தைக் குறைத்துச் சாப்பிடவேண்டும், கண்ணைப் பரிசோதித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

இந்த மருந்து டைரோசினீமியா என்ற வேறொரு பிறவி நோய்க்காகத்தான் முதலில் பயன்பட்டது. அந்த நோயுள்ள ஒரு குழந்தைக்கு இறக்குமதி மருந்துக்கு ஆண்டுக்கு 2.2 கோடி ரூபாய் ஆனது. இந்தியாவிலேயே தயாரித்தபின் சுமார் 2.5 லட்சம் ஆகும் என்று 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. மணி விற்கும் குடும்பத்துக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இரண்டரை லட்சமும் எட்டாத தொகைதான். ஆனால் 2.2 கோடியைக் கேட்டு வாயடைத்து நின்ற நிலை மாறி, அரசுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி வாதாடக்கூடிய எண்ணாகியிருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரிய நோய்களுக்கான சிறப்பு மையங்களில் ஒன்று. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

உடைந்துபோன தட்டையும் கரியான மூட்டையும் மருந்து திருப்பித் தராது. கறை ஒட்டும் முன் தொடங்கினால்தான் முழுப் பலன். அதற்கு முப்பது வயதில் எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடிப்பதே தாமதம். பிரசவமான வீட்டுக்கு எடை பார்க்கவும் தடுப்பூசி சொல்லவும் கிராம சுகாதார செவிலியர் எப்படியும் போகிறார். நரிக்குறவர் காலனிக்கும் போகிறார். கொடியில் பிள்ளைத் துணி காய்ந்துகொண்டிருக்கும். "இதைத் துவைக்கும்போது கறுக்குதாம்மா?" என்று அவர் அங்கேயே நின்று கேட்கலாம்.