கூத்துக்களரியும் சுவைஞர் தீர்ப்பும்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி ஆகிய ஊர்களைக் கடந்தால் கிரான் என்னும் ஊரை அடையலாம். மேற்கே விரிந்து கிடக்கும் வயல்நிலங்களே இவ்வூர்களுக்கு வாழ்வளிப்பவை. பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்தபின் உழவர்க்குக் கிடைக்கும் ஓய்வுக் காலமே இப்பகுதியிற் கூத்துக்குரிய காலமாக நெடுங்காலம் இருந்து வந்தது. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளின் ஆட்டமுறை, பாட்டுமுறை, உடையமைப்பு என்பன பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். கூத்தைக் காண்போரைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதப்படவில்லை. எனினும், ஆடுவோனைத் தலைமேற் கொண்டாடுபவரும் அவனுடைய தாளப் பிழையை மறுநாள் வயல்வரம்பில் வைத்து எடுத்துரைப்பவரும் ஒருவரேயாக இருந்த ஒரு சமூகத்தில், அக்காண்போரை விடுத்துக் கூத்தை முழுமையாக விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

கூத்தாடும் இடம் களரி எனப்படும். மண்ணை வட்டமாக உயர்த்தி அமைக்கப்படும் இக்களரிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்னும் வேறுபாடில்லை. காண்போர் நாற்புறமும் சூழ்ந்திருப்பர். நடுவே மத்தளத்துடன் அண்ணாவியார் நிற்பார். சல்லரி போடுவோரும் பிற்பாட்டுக்காரரும் ஏடு பார்ப்பவரும் அவருடன் நிற்பர். இரவு தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நிகழும். தீப்பந்த ஒளியிலும், பிற்காலத்திற் பெற்றோமாக்சு விளக்கொளியிலும் நிகழ்ந்த இவ்வாட்டத்தில் ஆடுவோன் தன் குறையை எப்பக்கத்திலும் மறைக்க வழியில்லை. ஒருபுறத்தாரை நோக்கி அவன் பாடும்போது மறுபுறத்தார் அவன் கால்களை நோக்கிக்கொண்டிருப்பர். அவர்களுட் பலர் முன்னொரு காலத்தில் அதே வேடத்தைப் பூண்டு அதே களரியில் ஆடியவர்கள். வீசாணம் எங்கே தொடங்கி எங்கே முடிதல் வேண்டும், எட்டுப் போடுகையில் எவ்விடத்தில் உடல் திரும்புதல் வேண்டும், நாலடிக்கும் குத்துமிதிக்கும் காற்சதங்கை எவ்வாறு ஒலித்தல் வேண்டும் என்பன அவர்கள் தம் உடலாற் கற்றவை.

அரங்கேற்ற நாளன்று திடீரெனக் கூடிய கூட்டமாக இவர்களை எண்ணுதல் தவறு. கூத்துப் பழக்கத்தின் ஒவ்வொரு படியிலும் ஊரார்க்கு இடமிருந்தது. எந்தக் கூத்தை ஆடுவது, அண்ணாவியாராக யாரை அழைப்பது என்பனவற்றை ஊர்ப் பெரியோர் கூடித் தீர்மானிப்பர். அண்ணாவியார் இளைஞர்களின் குரலையும் உடல்வாகையும் பார்த்து வேடங்களைப் பகிர்ந்தளிப்பார். நல்ல நாளொன்றில் அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் அடங்கிய ஏடு அவரவர் கையில் வழங்கப்படும். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். வேடப் பகிர்வின்போதே விமரிசனமும் தொடங்கிவிடும். தன் மகனுக்கு அருச்சுனன் வேடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்த தந்தை, அவன் கட்டியகாரனாக ஆக்கப்பட்டபின் புதிய அருச்சுனனை எவ்வளவு கூர்மையாகக் கவனிப்பார் என்பது சொல்லாமலே விளங்கும்.

பின்னர் மாதக்கணக்கிற் பழக்கம் நிகழும். ஓரளவு ஆட்டம் படிந்ததும் சதங்கை அணிதல் என்னும் சடங்கு நடைபெறும். அதன்பின் கிழமைதோறும் களரியில் ஆடுவர். இது கிழமைக்கூத்து எனப்படும். இறுதியாக, வேடவுடையின்றி முழுக்கூத்தையும் வரிசைமுறைப்படி ஆடிப் பார்ப்பர். அது அடுக்குப் பார்த்தல். இவை யாவும் மூடிய கதவுகளுக்குள் நிகழ்வனவல்ல. முதியோரும் பெண்டிரும் சிறுவரும் வந்திருந்து காண்பர். குறை கண்டவிடத்துச் சொல்வர். குரல் தளர்ந்ததா, கால் பிந்தியதா, மத்தளச் சொல்லுக்கு முன்னரே அடி விழுந்ததா என்று உரைக்கப்படும் குறைகளை அண்ணாவியார் செவிமடுப்பார். சிலவற்றை ஏற்பார், சிலவற்றைத் தம் அதிகாரத்தாற் புறக்கணிப்பார். குறை கூறுவோர்க்கும் ஆடுவோர்க்கும் இடையே நிற்கும் அவருடைய நிலை மிக அரிதானது. மாணாக்கனின் பிழை தம் பிழையாகவே கொள்ளப்படும் என்பதை அவர் அறிவார்.

அடுக்குப் பார்த்தலுக்கும் அரங்கேற்றத்துக்கும் இடையே உள்ள நாள்களே இம்முறையின் உயிர்நிலை எனலாம். கண்டித்துரைத்த சொல்லுக்குப் பயன் விளையக்கூடிய காலம் அது. இளைஞன் ஒருவனுடைய ஆட்டம் களரிக்கு ஏறுமுன்னரே நூற்றுக்கணக்கான கண்களால் அளக்கப்பட்டுத் திருத்தம் பெற்றுவிடுகின்றது. இதனால் அரங்கேற்ற இரவில் அதே கண்கள் வேறு கடமையை மேற்கொள்கின்றன. உறவினன் களரிக்கு வரும்போது வெடி கொளுத்தி வரவேற்பதும், நன்கு ஆடியவனுக்குப் பணமும் பொருளும் வழங்குவதும், அண்ணாவியாரைச் சிறப்பித்து மகிழ்வதும் அன்றைய நிகழ்ச்சிகள். மரத்தாற் செய்து கண்ணாடி பதித்த அணிகலன்களும் முடியும், வடமோடியாயிற் கரப்புடுப்பும் சுமந்து இரவு முழுதும் துள்ளியாடுவோனின் உழைப்பை அறிந்தவர்கள் வழங்கும் பாராட்டு அது.

அரங்கேற்றத்தோடும் இவ்வுறவு முடிவதில்லை. பின்வரும் நாள்களில் அண்ணாவியாரும் ஆடுவோரும் வீடு வீடாகச் சென்று ஆடுவர். அடுக்குப் பார்த்தலின்போது ஒருவனைக் கடிந்துரைத்த முதியவரின் முற்றத்திலும் அவன் ஆடியே ஆகவேண்டும். அவரும் வெற்றிலை பாக்குடன் தம்மாலியன்றதை வழங்கியே ஆகவேண்டும். களரியில் தூரத்தே நின்ற அரசன் இப்போது கைக்கெட்டும் தூரத்தில், வாசற்படியில், வியர்வை வழிய நிற்கின்றான். சுவைஞனும் கலைஞனும் எதிரெதிரே நின்று முகம் பார்க்கும் இத்தகைய சந்திப்பை ஒரு கலைமரபு தன் நடைமுறையின் ஒரு கூறாகவே அமைத்துக்கொண்டமை வியப்புக்குரியது. பின்னால் நின்று எளிதாகப் பழிக்க முடியாத நிலையும், முகத்துக்காகப் பொய்ப்புகழ் கூறமுடியாத நிலையும் இங்கே ஒருங்கே ஏற்படுகின்றன.

இம்முறையைக் குறையற்றதெனக் கொள்ளுதல் உண்மைக்கு மாறாகும். உறவுமுறையும் ஊர்ப்பிரிவும் தீர்ப்பைத் திரித்ததுண்டு. எந்த வேடம் யாருக்கு என்பதில் தகுதியை மட்டுமன்றிக் குடியையும் செல்வத்தையும் நோக்கியதுண்டு. எல்லாவற்றிலும் பெரிய குறை பெண்கள் பற்றியது. பெண் வேடங்களையும் ஆண்களே பூண்டனர். மாதக்கணக்கிற் பழக்கத்தைக் கேட்டுப் பாட்டுகளை மனப்பாடமாக்கிக்கொண்ட பெண்கள் களரியின் ஓரத்திலேயே இருந்தனர். தவறிய சொல்லை முதலில் அறிந்தவர்கள் அவர்களாயிருந்தும், அச்சொல்லை ஆடிக்காட்டும் உரிமை அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

பண்டை அரங்கேற்றத்தை இதனோடு ஒப்புநோக்கலாம். சிலப்பதிகார அரங்கேற்றுகாதையில் மாதவி சோழமன்னன் முன்னிலையில் ஆடித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அக்காதையின் இசைச் செய்திகளை ஆராய்ந்தே 1947இல் வெளிவந்த யாழ்நூலை ஆக்கினார். அக்காதையில் ஆசிரியரின் இலக்கணமும் அரங்கின் அளவும் நுணுக்கமாகக் கூறப்படுகின்றன. தீர்ப்பு வழங்குபவனோ மன்னன். மட்டக்களப்புக் களரியில் மன்னனின் இருக்கை ஊர் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் சங்கீத சபைகளில் இவ்விருக்கை பத்திரிகை விமரிசகரிடம் சென்றது. சென்னையில் 1928இல் மியூசிக் அக்காடமி தோன்றியபின் கச்சேரியும் விமரிசனமும் சேர்ந்தே வளர்ந்தன. 1930களில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரிற் கல்கி எழுதிய கட்டுரைகள் வித்துவான்களைப் போற்றியும் நகையாடியும் வாசகரைக் கவர்ந்தன. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் தரப்படாமையை அவர் இடைவிடாது வற்புறுத்தினார். பின்னாளிற் சுப்புடுவின் பேனா வித்துவான்களால் அஞ்சப்பட்டது. இவ்விமரிசகர்களின் தொண்டு சிறிதன்று. ஆயினும் இவர்களுடைய சொல் கச்சேரி முடிந்தபின், அச்சில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வெளிப்பட்டது. பாடியவர் அதனைக் காலையிற் பத்திரிகையிற் படித்தார். திருத்துவதற்குரிய வேளை கடந்துபோன பின்னரே தீர்ப்பு அவரை அடைந்தது. அவ்வாறு பிந்தி வந்த சொல் கலைஞரைத் திருத்தியதைவிட அடுத்த நாட் சபைக்கு வந்தோரின் செவியைத் திருத்தியதே மிகுதி எனலாம். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் நிலைமை சற்று வேறு. தவிற்சமாக்களில் மேளகாரரைச் சூழ நின்று, தாளத்தைக் கையாற் போட்டுக்கொண்டு, தவறு நேர்ந்தால் அக்கணமே தலையசைப்பை நிறுத்திவிடும் சுவைஞர்கள் களரியைச் சூழ்ந்தவர்களுக்கே நெருங்கியவர்கள்.

கூத்தின் சுவைஞர் மாறிய வரலாற்றில் 1962ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர அவர்கள் நாடகம என்னும் சிங்கள மரபை அடியொற்றி மனமே நாடகத்தை மேடையேற்றிப் பெரும் வெற்றி கண்டார். தமிழ்க் கூத்தோடு தொடர்புடைய அம்மரபு புதுவாழ்வு பெற்றமை தமிழறிஞரையும் ஊக்கியது. பேரதனைப் பல்கலைக்கழகத் தமிழ் விரிவுரையாளர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தைத் தழுவி 1962இல் கர்ணன் போரையும், அடுத்த ஆண்டு நொண்டி நாடகத்தையும், அதன்பின் இராவணேசனையும் மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். அவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையா அவர்கள். ஆடியவர்களுள் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இம்முயற்சியாற் கூத்து கற்றோர் மதிப்பைப் பெற்றது. கிராமத்தாரின் பொழுதுபோக்கென இகழப்பட்ட ஒன்று பல்கலைக்கழக மேடையில் ஏறியமை மட்டக்களப்பாருக்குப் பெருமிதமளித்தது. அதே வேளையில் வட்டக்களரி ஒருமுகப் படச்சட்ட மேடையாயிற்று. விடியும்வரை நிகழ்ந்த ஆட்டம் ஒன்றிரண்டு மணி நேரத்துள் அடங்கியது. திரும்பத் திரும்ப வரும் பாட்டும் ஆட்டமும் குறைக்கப்பட்டு, பாத்திர உணர்ச்சிக்கேற்ற நடிப்பும் மேடை ஒளியும் சேர்க்கப்பட்டன. இவற்றைப் பற்றி ஏற்றலும் மறுத்தலுமாகிய இருவகைக் கருத்துகளும் எழுந்தன. கர்நாடக இசையிலும் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் பல உருப்படிகள் விரைந்து தொடரும் கச்சேரி முறையை வகுத்தபோது இதனையொத்த மாற்றமே நிகழ்ந்தது. காலத்துக்கேற்பச் சுருக்குதல் குற்றமாகாது. இழப்பு வேறிடத்தில் உள்ளது. கொழும்பு மேடையின் முன் அமர்ந்தவர் முன்னர் ஒருபோதும் அப்பாத்திரத்தைப் பழக்கத்திற் கண்டவரல்லர். குத்துமிதியின் சரிபிழை அவருக்குத் தெரியாது. மறுநாள் அந்த ஆட்டக்காரனைத் தம் முற்றத்திற் சந்திக்கப் போவதுமில்லை. எனவே அவரால் வழங்கக்கூடியது கைதட்டலும், மிஞ்சினாற் பத்திரிகைக் கட்டுரையும் மட்டுமே.

1980களிலிருந்து 2009 வரை நீடித்த போர், களரியைச் சூழ்ந்திருந்த அந்த அறிவைப் பல ஊர்களிற் சிதறடித்தது. இரவிற் கூடுதல் இயலாதாயிற்று. இளைஞர் இடம்பெயர்ந்தனர், பலர் கடல் கடந்தனர். ஓரிரு தலைமுறை பழக்கத்தைக் காணாது வளர்ந்தது. ஆடுவோரை அண்ணாவியார் சில மாதங்களில் உருவாக்கிவிடலாம். அவர்களைச் சூழ்ந்திருந்து பிழை காணவல்ல நூறு பேரை அவ்வாறு உருவாக்க முடியாது. அவர்கள் ஆண்டுக்கணக்கிற் களரியோரத்தில் இருந்தே தோன்றுபவர்கள். 1982இல் தொடங்கப்பட்ட விபுலாநந்த இசை நடனக் கல்லூரியும், வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகமும் கூத்தைக் கல்விக்குரிய பொருளாக்கி ஆடுவோரையும் ஆய்வாளரையும் வளர்த்துள்ளன. அவற்றின் பரீட்சைகளிற் புள்ளி வழங்குபவர் சிலரே.

இந்நிலையில் 2000களின் தொடக்கத்திலிருந்து மட்டக்களப்பைச் சேர்ந்த சீலாமுனையிற் சி. ஜெயசங்கர் முதலானோர் ஊராருடன் சேர்ந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் தனிக் கவனத்துக்குரியது. அங்கே கூத்து ஊரை விட்டு மேடைக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. ஆடுவோரும் அண்ணாவியாரும் காண்போரும் களரியிலேயே கூடிப் பழைய பிரதியை ஆராய்ந்தனர். பெண்களைத் தாழ்த்தும் இடங்களும் சாதியிழிவு கூறும் இடங்களும் இன்று பாடத்தக்கனவா என்னும் வினா எழுப்பப்பட்டது. தாளத்தையும் அடியையும் பற்றி வழங்கிவந்த பழைய தீர்ப்புரிமை இதனாற் பாட்டின் பொருளுக்கும் விரிந்தது. எந்த அடியை நீக்குவது, எதைப் புதிதாகக் கட்டுவது, நீக்கினாற் பழைய மெட்டு நிற்குமா என்பன அரங்கேற்றத்துக்கு முன்னரே, ஊரார் நடுவில், நீண்ட நேரம் வாதிக்கப்பட்டன.