சாணைக்கல்லையே திணற வைக்கும் கத்தி தெரியுமா?

முகம் மழிக்கும் பிளேடு எஃகு. தாடிமயிரோ அதைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. பிறகு எப்படி மயிர் பட்டுப் பிளேடு கெடுகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே மயிரை வெட்டிப் பார்த்து 2020-ல் விடை சொன்னார்கள். விளிம்பு மெல்லத் தேய்வது மட்டுமல்ல, சில்லுச் சில்லாகப் பெயர்கிறது! எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் மயிர் சாய்ந்து வளைந்து பட்டால் போதும். ஆக, கூர் நிற்பதும் போவதும் உலோகத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான்.

காந்தம் ஒட்டாத கத்தி தெரியுமா? எல்வுட் ஹேய்ன்ஸ் என்ற அமெரிக்கர் கோபால்ட்டையும் குரோமியத்தையும் கலந்து 1907-ல் காப்புரிமை பெற்றார். காந்தம் ஒட்டாத அந்தக் கலவைதான் ஸ்டெல்லைட். நல்ல சமையலறைக் கத்தி, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56-லிருந்து 60 வரை வரும். கத்திக்கான ஸ்டெல்லைட் வகைகள் 45-ஐ ஒட்டியே நிற்கும். அளவைப் பார்த்தால் சொத்தைக் கத்தி என்றுதான் தோன்றும். கயிற்றை அறுத்துப் பாருங்கள், கதையே வேறு! கான்கிரீட்டில் ஜல்லி போல, மிருதுவான கோபால்ட்டுக்குள் கடினமான கார்பைடு துகள்கள் பதிந்திருக்கின்றன. அறுப்பவை அவைதான். செக்கச் சிவக்கக் காய்ந்தாலும் கடினம் பெருமளவு நிற்கும் என்பதால் லேத் பட்டறைகளிலும் இதற்கு மவுசு இருந்தது.

மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே, கத்தி உலோகத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார் என்பது தெரியுமா? இந்திய உருக்கின் கூர் ரகசியத்தைப் பிடிக்க, கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து 1819-லிருந்து உலையில் இறங்கினார். எஃகோடு பிளாட்டினம், ரோடியம், வெள்ளி என்று கலந்து பார்த்தார். ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளியைத்தான் எஃகு ஏற்றது. அவர் செய்த 79 துண்டுகளை உலோகவியலாளர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு பின்னாளில் சோதித்து, 1931-ல் ஒரு நூலே வெளியிட்டார்.

அந்த உருக்கு நம் மண்ணுக்கும் சொந்தம். கொடுமணல் அகழாய்வில் உருக்குத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஃபாரடே கையில் சிக்காத சங்கதியை ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கத்திக் கொல்லரும் 1990-களில் பிடித்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வனேடியம் போன்ற தனிமங்கள், கார்பைடு துகள்களை வரிசைகட்டி உட்கார வைக்கின்றன. இந்திய உருக்கில் அடித்த டமாஸ்கஸ் வாளின் அலைக்கோலம் அந்த வரிசைதான்!

இப்போது அதே வனேடியத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். உருகிய எஃகைப் பொடியாகத் தூவி, அழுத்தி இறுக்கிச் செய்யும் சிபிஎம் 10வி என்ற எஃகில் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பங்கு வனேடியம். கூர் நாள்கணக்கில் அசையாது. தீட்ட உட்கார்ந்தால்தான் அருமை புரியும். சாதாரணச் சாணைக்கல்லில் இருப்பது அலுமினியம் ஆக்ஸைடு. வனேடியம் கார்பைடோ அதைவிடக் கடினம். கல், துகளைச் சுற்றியுள்ள எஃகை அரிக்குமே தவிர, துகளைச் சீவாது. கத்தி கல்மேல் வழுக்கும், விளிம்பில் பிசிறு தொங்கும், நேரம்தான் போகும். வைரம் பதித்த தட்டில் நாலு இழுப்பு இழுங்கள், மளமளவென்று கூர் ஏறும்!

வனேடியம் மிகுந்த கத்தி வாங்குகிறீர்களா? வைரத் தட்டையும் கூடவே வாங்கிவிடுங்கள்.