பருத்த உடலும் கீட்டோன் ஆபத்தும்

ஸ்ரீவராகம் லட்சுமி வராகர் கோயில் குளத்தை ஒட்டிய வீதிகளில் சர்க்கரை நோய் எவருக்கும் புதிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. கேரளத்தில் வயதுவந்தோரில் 25.5 விழுக்காட்டினர், அதாவது நால்வரில் ஒருவர், அதற்கு ஆளாகியுள்ளனர். ஓய்வூதியம் பெற வரும் மூத்த வாடிக்கையாளர்களின் பையில் பாஸ்புக்குடன் மாத்திரைப் பெட்டியும் இருப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

இத்தனை பழகிய நோயிலும் பலர் அறியாத அபாயம் ஒன்று உண்டு. அதுவே நீரிழிவுக் கீட்டோ அசிடோசிஸ். முதல் வகை நீரிழிவு கொண்ட மெலிந்த சிறுவர்களுக்கே அது வரும் என்பது நெடுநாளைய எண்ணம். 1922 ஜனவரியில் டொராண்டோவில் இன்சுலின் செலுத்தப்பெற்ற லியோனார்டு தாம்சனும் எலும்பும் தோலுமாயிருந்த 14 வயதுச் சிறுவனே. ஆனால் 1994இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவர்கள், இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட வயதுவந்தோரிடமும் இதனைக் கண்டு எழுதினர். பருத்த உடலினர் இதற்கு விலக்கல்லர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சிலருக்கு நீரிழிவு இருப்பதே இந்த நெருக்கடியின்போதுதான் தெரியவருகிறது.

கணக்கில் பணம் நிறைந்திருந்தும் எடுக்க இயலாத நிலையை ஒத்தது இது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும். இன்சுலின் போதாமையால் உயிரணுக்கள் அதனைப் பயன்படுத்த இயலாது. அப்போது உடல் கொழுப்பைக் கரைக்கிறது. கல்லீரல் அதனைக் கீட்டோன்களாக மாற்றுகிறது. அவை பெருகினால் இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது.

கடும் தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாசனை, மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். அஜீரணம் எனக் கருதிச் சுக்குக் கஷாயம் குடித்துக் காத்திருத்தல் ஆகாது. 108ஐ அழைத்து உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். அங்கே நரம்பு வழியே திரவமும் இன்சுலினும் செலுத்தி, பொட்டாசியத்தைக் கண்காணித்து மீட்பர்.

காய்ச்சலால் உணவு குறைந்தாலும் இன்சுலினைத் தாமாக நிறுத்தலாகாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர்க்குச் சர்க்கரை அதிகம் உயராமலேயே இந்நிலை நேரக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் எச்சரித்தது. ஆகவே, அவர்கள் உடல்நலம் குன்றும்போதே மருத்துவரைக் கேட்டு, அம்மாத்திரையை நிறுத்திவைப்பது குறித்து அறிதல் நன்று.

நம்மவரில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அதனைத் தாண்டியோர் ஆண்டுக்கொருமுறை இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்தல் நலம். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது நீரிழிவை மறைக்காமல் எழுதுங்கள். 2024 ஏப்ரல் முதல், முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது என்பது விதி.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. நெருக்கடியிலிருந்து மீண்ட பருத்த உடலினர் பலர், மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்களிலோ மாதங்களிலோ இன்சுலினிலிருந்து மாத்திரைக்கு மாறுகின்றனர். உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தவர்க்கே அந்த வாய்ப்பு.